நெல் தள்ளும் பலகை நெடுநாள் உழைக்கும் வகை

களத்திலே பரப்பிய நெல்லைக் கூட்டவும், மீண்டும் விரிக்கவும், மழை வருங்கால் விரைந்து குவிக்கவும் நம் குடியானவர்கள் கைக்கொள்ளும் மரப்பலகை மிக எளிய கருவி. ஏருக்கும் எருதுக்கும் இயந்திரத்துக்கும் காட்டும் சிரத்தையில் நூற்றில் ஒரு பங்கேனும் அதற்கு நாம் காட்டுவதில்லை. இக்காலத்தில் அறுவடை இயந்திரம் ஒரு வேலி நெல்லையும் ஒரே நாளில் ஈரத்தோடு களத்தில் கொண்டுவந்து கொட்டிவிடுகிறது. சேமித்து வைக்கத் தகும்படி அந்நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14 பங்காகக் குறைதல் வேண்டும். அதுவரை அதனைக் காப்பது வெயிலும் இப்பலகையுமே.

சில ஆண்டுகட்கு முன்னர் வில்லியனூருக்கு மேற்கேயுள்ள ஓர் ஊரில், சொர்ணவாரி நெல் உலர்ந்து முடியுந் தறுவாயில் மாலை மழை பிடித்துக்கொண்டது. களத்தில் இருந்த பலகைகள் இரண்டு. ஒன்றின் காம்பு பொருத்துவாயில் ஒடிந்தது. மற்றொன்று நடுவே பிளந்தது. ஆடவரும் பெண்டிரும் கூடைகளாலும் கைகளாலும் வாரியும் குவியலிற் பாதி நனைந்து போயிற்று. அப்பலகைகளை அவ்வாண்டே புதிதாகச் செய்யும்படி சொன்னவன் யானே. மரம் பச்சையாயிருந்ததையும், ஆணிகள் இறுக அடிக்கப்பட்டிருந்ததையும் யான் கவனியாது விட்டேன். அப்பிழையினின்று கற்றவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

பலகை கெடுவதற்குக் காரணங்கள்

முதலாவது, ஈரம். மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணம், மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழ் இருக்கும்வரை வளர்வதில்லை. ஆகவே உளுப்பு என்பது மரத்தின் விதியன்று. நம் கவனக்குறைவின் பயனே.

இரண்டாவது, சுருக்கம். மரம் நீளவாட்டில் சுருங்குவது மிகச் சொற்பம், அகலவாட்டில் மிகுதி. அதிலும் வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. இவ்வேற்றுமையால் பலகை வளைகிறது; அசையவொட்டாது ஆணியடித்திருந்தால் பிளக்கிறது.

மூன்றாவது, தேய்வு. பலகை முழுவதும் தேய்வதில்லை. தரையைத் தொடும் அடிவிளிம்பே தேய்கிறது. இருந்தும் விளிம்பு போனவுடன் முழுப் பலகையையும் அடுப்பிலிடுவது நம் வழக்கமாயிருக்கிறது.

மரந் தெரிதல்

காம்புக்குக் கருவேல் சிறந்தது; அடியையும் அதிர்ச்சியையும் தாங்கும். பலகைக்கு வேம்பும் பூவரசும் ஏற்றவை. தேக்கு நன்றேயெனினும் விலை மிகுதி. மாவும் இலவும் இலேசாயிருத்தலால் ஆசாரிமார் விரும்புவர். ஆனால் ஈரத்திலும் வண்டிலும் விரைவில் அழியும். சவுக்கு உலருங்கால் வெடிக்கும் இயல்புடையது. ஆதலின் பலகைக்கு ஆகாது.

எம்மரமாயினும் வெளிறு நீக்கி வயிரப்பகுதியையே கொள்க. துளைக்கும் வண்டு தேடி வருவது வெளிறிலுள்ள மாச்சத்தையே. மரத்தின் நட்டநடுக் குருத்தையும் விலக்குக. வெடிப்பு அங்கிருந்தே தொடங்கும். காம்பின் நரம்பு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடுதல் வேண்டும். அறுத்த காம்பைவிடப் பிளந்து செதுக்கிய காம்பு வலியது. பிளவு நரம்பின் வழியே செல்வதே அதற்குக் காரணம்.

30-12-2011 அன்று கரையேறிய தானே புயலில் நம் பக்கத்துத் தோப்புகளில் மரங்கள் ஏராளமாய்ச் சாய்ந்தன. அவற்றுட் பல விறகாகவே போயின. அத்தகைய காலங்களில் கருவிக்குத் தகுந்த துண்டுகளை முதலில் தெரிந்தெடுத்து வைத்தல் நன்று.

பதப்படுத்தல்

தை மாதத்தில் கிடைத்த கட்டையைக் குளத்திலாவது ஏரியோரத்திலாவது முழுவதும் மூழ்கும்படி ஆறு வாரம் ஊறப்போடுக. இது நம் முன்னோர் கண்ட முறை. மாச்சத்து கரைந்து போவதால் வண்டு குறையும். பங்குனியில் ஓரங்குலக் கனமுள்ள பலகைகளாக அறுத்து, இடையிடையே சிறு சட்டங்கள் வைத்து, தரையினின்று ஒன்றரை அடி உயர்த்தி, நிழலில் அடுக்குக. வெயிலில் போடலாகாது. பலகையின் இரு முனைகள் பக்கங்களைவிடப் பன்மடங்கு விரைவாக ஈரத்தை இழக்கும். ஆதலின் முனைகளில் உருக்கிய மெழுகு பூசுதல் வேண்டும். இச்சிறு செயல் ஒன்றே பல வெடிப்புகளைத் தடுக்கும்.

மரம் உலர்ந்ததை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு பலகையை 15 நாளுக்கொருமுறை தராசிலிட்டு நிறுத்து எழுதி வருக. தொடர்ந்து இருமுறை நிறை மாறாதிருப்பின் பலகை உலர்ந்துவிட்டது. இவ்வாறு செய்தால் ஆவணியில் சொர்ணவாரி அறுவடைக்குப் பலகை ஆயத்தமாகும்.

செய்யும் முறை

1. பலகையின் முதுகில் இரண்டு குறுக்குச் சட்டங்கள் வைக்க. நடுவில் ஒரு திருகாணியை இறுக்கி, ஓரத்துத் துளைகளைச் சட்டத்தில் சற்று நீளவாட்டமாக இடுக. பலகை சுருங்கவும் விரியவும் அதனால் இடமுண்டாகும்.

2. கருவேலில் துவர்ப்புச் சத்து மிகுதி. ஈரம் பட்டால் அது இரும்போடு கூடிக் கறுத்து, ஆணியையும் மரத்தையும் அரிக்கும். துத்தநாகம் பூசியதோ பித்தளையோ ஆன திருகாணிகளே தக்கவை.

3. காம்பு பொருந்தும் துளையின் மூலைகளைக் கூராக விடாது உருட்டுக. காம்பின் இருமருங்கும் சாய்வுத் தாங்கு கட்டைகள் கொடுக்க. ஒடிவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே.

4. அடிவிளிம்பில் இரண்டங்குல அகலமுள்ள தனிச் சட்டம் ஒன்றைக் கழற்றி மாற்றத்தக்கதாகப் பொருத்துக. மண் களத்துக்குக் கருவேற் சட்டம் போதும். சிமெண்டுக் களத்துக்குப் பழைய ரப்பர்ப் பட்டை நல்லது. நெல்லும் நசுங்காது, மரமும் தேயாது. தகடு வைப்பவர் அதனுள் நீர் தங்காதபடி முன்னதாக மெழுகு பூசுக.

உறைபனி மிகுந்த மேனாடுகளிலும் மக்கள் பனியை ஒதுக்க மரத்தாலாகிய அகன்ற தள்ளுகோலைக் கொண்டிருந்தனர். அவர்களும் விளிம்பைத் தகட்டாற் காத்து, முகத்தில் எண்ணெயும் மெழுகும் ஏற்றினர். தள்ளும் பொருள் வேறாயினும் மரத்தின் இயல்பு ஒன்றே.

எண்ணெயிடல்

தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய், ஆமணக்கெண்ணெய் ஆகியவை மரத்தில் உறைவதில்லை. தூசியைப் பிடித்துப் பிசுக்காகவே நிற்கும். ஆளிவிதை எண்ணெயோ காற்றுப்பட உறைந்து பூச்சாகும். அதனைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்குக. தீயில் நேரே வைக்கலாகாது. நன்றாக உலர்ந்த மரத்தில் மெல்லிதாகத் தேய்த்து, அரைமணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுக. ஒவ்வொரு பூச்சும் கையில் ஒட்டாதபடி உறைந்த பின்னரே அடுத்ததை இடுக. மூன்று பூச்சுகள் போதும். ஈரமரத்தில் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுத் தீமையே விளையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வைக்கோற்போர் அருகில் இது பேராபத்து. துணியை விரித்து வெளியில் உலர்த்துக. அன்றி நீரில் அமிழ்த்துக.

இயந்திரத்தில் கழிந்த எண்ணெயையும், விஷ மருந்துகளையும் நெல் படும் மரத்தில் தடவுதல் கூடவே கூடாது. நாம் உண்ணும் தானியத்தில் அவை சேரும்.

வைத்துப் பேணல்

வேலை முடிந்ததும் தூசி தட்டி, கூரையின்கீழ் முளையில் தொங்கவிடுக. சுவரோரம் மண்ணில் ஊன்றி நிறுத்தினால் கறையானும் ஈரமும் அடியிலிருந்து ஏறும். ஆண்டுக்கொருமுறை, ஆடியில், ஒரு பூச்சு எண்ணெயிட்டு, தளர்ந்த திருகாணிகளை முடுக்குக. 30-11-2024 அன்று கரையேறிய பெஞ்சல் புயலின்பின் பாகூர்ப் பக்கத்தில் நேர்ந்ததுபோல் வெள்ளத்தில் மூழ்கிய கருவிகளைக் கழுவி, நிழலில் மெல்ல உலர்த்துக. அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெள்ளம் கெடுக்காததை வெயில் கெடுக்கும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். கொம்யூன் எல்லைக்குட்பட்ட பொதுக்களம் ஒவ்வொன்றிலும் நான்கு நல்ல பலகைகளும், அவற்றைத் தொங்கவிட ஒரு சிறு கூரையும் இருத்தல் வேண்டும். புறம்போக்கில் சாய்ந்த மரங்களை உரிய அநுமதியோடு இதற்குப் பயன்படுத்தலாம்.

மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. அது வரும் மாலையில் கருவி தேடுவதைவிட, தையிலேயே கட்டையைக் குளத்திலிடுவது அறிவுடைமை.