தமிழில் ஒரு வலைப்பக்கம்

நுழையும்முன்

செய்தி அறியவும், விண்ணப்பம் அனுப்பவும், தேர்வு முடிவு காணவும் மக்கள் நாள்தோறும் வலைப்பக்கங்களை நாடுகின்றனர். அவற்றைப் பயன்படுத்துவோர் பலர். உருவாக்கக் கற்றவர் சிலர். வலைத்தள வடிவமைப்பு, செய்து பழகுவதால் கைவரும் கலை. கொங்குநாட்டுப் பொருள்களைக் கொண்டு ஒரு பருவக் காலத்தில் அக்கலையைக் கற்கும் வழியையும், தமிழில் பக்கம் அமைப்போர் கருத வேண்டியவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

உலகளாவிய வலை

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக்கான கருத்துருவை முன்வைத்தார். வெவ்வேறு கணினிகளில் சிதறிக் கிடந்த ஆய்வுக் குறிப்புகளை ஒன்றோடொன்று இணைப்பதே அவருடைய நோக்கம். 1991ஆம் ஆண்டில் வெளியுலகிற்கு அறிமுகமான அவ்வலையை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என 1993 ஏப்ரல் 30 அன்று அவ்வாய்வகம் அறிவித்தது.

வலையின் திறந்த தன்மை கற்போருக்குப் பெருந்துணையாகும். உலாவியில் தோன்றும் ஒரு பக்கம் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதை அப்பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்து அறியலாம். தறியின் அருகில் நின்று, நெய்பவரின் கைப்போக்கைக் கண்டு நெசவு பழகுவதைப் போன்றது இது.

வலைப்பக்கத்தை மூன்று மொழிகள் உருவாக்குகின்றன. எச்.டி.எம்.எல். பக்கத்தின் கட்டமைப்பை வகுக்கிறது. சி.எஸ்.எஸ். அதன் தோற்றத்தை முடிவு செய்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் அதற்குச் செயல் அளிக்கிறது. மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் இம்மூன்றும் இடம்பெற்றுள்ளன. எனினும், விதிகளை மனப்பாடம் செய்வதால் மட்டும் வடிவமைப்பு கைவந்துவிடாது. மாதத்திற்கு ஒன்றாக நான்கு செயல்திட்டங்களை மேற்கொண்டால், ஒரு பருவத்தில் அதன் அடிப்படைகளைத் தெளிவாக அறியலாம்.

முதல் செயல்திட்டம்: ஈரோட்டு மஞ்சள்

2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளைப் பற்றிய ஒரே ஒரு பக்கம் முதல் பணியாகும். நிரல் எழுதும் முன்னர், ‘இதைப் படிப்பவர் யார்?’ என்னும் வினாவிற்கு விடை காண வேண்டும். உழவர் சாகுபடி முறையைத் தேடுவார்; வணிகர் விலையைத் தேடுவார்; மாணவர் வரலாற்றைத் தேடுவார். மூவருக்கும் ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் கொட்டினால், எவருக்கும் எதுவும் எளிதில் கிட்டாது.

இம்மாதத்தில் வண்ணமும் அலங்காரமும் வேண்டா. தலைப்பு, துணைத்தலைப்பு, பத்தி, பட்டியல் ஆகியவற்றை அவற்றிற்குரிய ஒட்டுகளால் குறிப்பதே பயிற்சி. தொடக்க நிலையினர் பலர், தலைப்புக்குரிய ஒட்டை இடாமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஒட்டைக் கொண்டே தலைப்பை அறிகிறது. ஒட்டு இல்லையெனில், அவர்கள் வேண்டிய பகுதிக்குத் தாவிச் செல்ல இயலாது. முழுப் பக்கத்தையும் கேட்டாக வேண்டும்.

இரண்டாம் செயல்திட்டம்: பவானி ஜமக்காளம்

பட்டை பட்டையான வண்ணங்களுக்குப் பெயர் பெற்ற பவானி ஜமக்காளம் இரண்டாம் பணிக்கு ஏற்ற பொருள். இப்போது சி.எஸ்.எஸ். பயிலப்படுகிறது. தோற்றத்திற்கான விதிகளைத் தனிக் கோப்பில் எழுதிவைத்தால், ஓரிடத்தில் செய்யும் திருத்தம் எல்லாப் பக்கங்களிலும் வெளிப்படும்.

விரிப்பில் அழகு சேர்க்கும் வண்ணங்கள் எல்லாம் எழுத்திற்குப் பொருந்துவதில்லை. வெண்ணிறப் பின்புலத்தில் மஞ்சள் எழுத்தைப் படிப்பது கடினம். எழுத்திற்கும் பின்புலத்திற்கும் இடையே குறைந்தது 4.5:1 என்னும் ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் வழிகாட்டுதல், வழக்கமான அளவுள்ள எழுத்துகளுக்கு வரையறுத்துள்ளது.

தமிழுக்கே உரிய தேவைகளும் உண்டு. ‘கீ’, ‘கூ’ போன்ற எழுத்துகள் மேலும் கீழும் நீள்வதால், வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடச் சற்று மிகுதியான இடைவெளி தேவை. தமிழ்ச் சொற்கள் விகுதிகளும் துணைவினைகளும் சேர்ந்து நீள்வன. ஆங்கிலத்தில் ஒரு சிறு பொத்தானுக்குள் அடங்கும் கட்டளை தமிழில் அடங்காமல் வெட்டுப்படலாம். எனவே, பக்கத்தைக் கணினித் திரையில் மட்டுமன்றிக் கைப்பேசியின் சிறு திரையிலும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாம் செயல்திட்டம்: கொடுமணல்

நொய்யலின் கரையில் உள்ள கொடுமணலில் நடைபெற்ற அகழாய்வுகள், இரும்புத் தொழிலும் மணிகள் செய்யும் தொழிலும் அங்குச் சிறந்திருந்தமையை உணர்த்தின. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அங்குக் கிடைத்துள்ளன. ஓட்டில் கீறிய எழுத்து இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் படிக்கக் கிடைக்கிறது. கணினியில் எழுதிய தமிழோ இருபது ஆண்டுகளுக்குள் படிக்க இயலாமற்போன நிலை உண்டு.

அதற்குக் காரணம் குறியேற்ற வேறுபாடாகும். கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. முற்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கென வெவ்வேறு எண் வரிசைகளைக் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. உலக மொழிகளுக்குப் பொதுவான ஒருங்குறி இச்சிக்கலைத் தீர்த்தது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது.

‘கொடுமணல்’ என்னும் சொல்லில் ஐந்து எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியிலோ அது க, ொ, ட, ு, ம, ண, ல, ் என எட்டுக் குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. இதை அறியாமல், ஒவ்வொரு குறியையும் தனித்தனியே அசைத்துக் காட்டும் அலங்காரத்தைச் செய்தால், உயிர்மெய் எழுத்து சிதைந்து கொம்பும் காலும் தனியே நிற்கும்.

எழுத்தை உரையாக அமைக்காமல் படமாக மட்டும் ஒட்டுவதும் தவறான வழக்கம். படத்திலுள்ள செய்தியைத் தேடுபொறி எளிதில் கண்டெடுக்காது. திரைவாசிப்பானும் பல வேளைகளில் கடந்துவிடும். ஆகவே, செய்தியை உரையாகவே எழுதி, பானை ஓட்டின் படம் போன்றவற்றிற்கு மாற்று உரை சேர்க்க வேண்டும்.

நான்காம் செயல்திட்டம்: ஊர்ப்பயன் தளம்

இறுதிப் பணியை நால்வர் அல்லது ஐவர் குழுவாகச் செய்யலாம். ஊரில் பயிராகும் ஒரு பயிருக்கான தகவல் தளத்தை எடுத்துக்கொள்வோர், கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்தும் வேளாண் இணையதளத்தை முன்மாதிரியாகப் பார்க்கலாம். ஒருவர் செய்தி திரட்ட, ஒருவர் எழுத, ஒருவர் நிரல் அமைக்க, ஒருவர் பிழை திருத்தலாம்.

இங்குச் சோதனையே முதன்மையானது. ஒரு பெரியவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, “ஏக்கருக்கு எவ்வளவு விதை வேண்டும் எனக் கண்டுபிடியுங்கள்” என்று கேட்டுவிட்டு, குறுக்கிடாமல் கவனிக்க வேண்டும். அட்டவணையின் கடைசி நிரல் சிறு திரையில் மறைந்திருந்தால், அவர் அளவைக் காணமாட்டார். அல்லது அருகிலுள்ள வேறோர் எண்ணை விதையளவாகக் கொள்வார். வடிவமைப்பில் நேர்ந்த அச்சிறு குறை வயலில் இழப்பாக முடியும். படிப்பவர் தடுமாறும் இடம் அவருடைய அறியாமையைக் காட்டுவதன்று. பக்கத்தில் திருத்த வேண்டிய இடத்தைக் காட்டுவதாகும்.

பக்கத்தை வெளியிட்டதும் பணி முடிந்துவிடுவதில்லை. கடந்த ஆண்டு விலையை இவ்வாண்டு விலைபோல் காட்டும் பக்கம், பக்கமே இல்லாமையைவிடத் தீங்கானது. செய்தியைத் திருத்திய நாளைக் குறிப்பதும், பருவம் முடிந்த பின்னர் அதைப் பேணுபவர் யார் என முடிவு செய்வதும் வடிவமைப்பின் பகுதிகளே. இந்நான்கு பணிகளையும் முடித்தவர், நிரல் மொழிகளோடு, பிறருடைய இடத்தில் இருந்து தம் எழுத்தைப் பார்க்கும் பழக்கத்தையும் பெறுகிறார். கருவிகளும் மொழிகளும் மாறினும் அப்பழக்கம் என்றும் பயன்தரும்.

தெரிந்து தெளிவோம்

1995: சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முதலியோரின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் வலையேறின.
1998: தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக வழங்கும் தன்னார்வ முயற்சியான மதுரைத் திட்டம் பொங்கல் நாளில் தொடங்கியது.
2003: தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது.
2010: உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுடன் தமிழ் இணைய மாநாடும் கோயம்புத்தூரில் நடைபெற்றது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் சிறப்புமிக்க பொருள் ஒன்றிற்கு ஒரு பக்கத்தைத் தாளில் வரைந்து, அதைப் படிப்பவர் யார் என்பதை இரண்டு தொடர்களில் எழுதுக.
2. தமிழ் வலைத்தளம் ஒன்றைக் கைப்பேசியில் திறந்து, படிப்பதற்கு இடையூறான மூன்று குறைகளையும் அவற்றைத் திருத்தும் வழிகளையும் பட்டியலிடுக.
3. ‘நொய்யல்’, ‘பேரூர்’ ஆகிய சொற்களில் உள்ள எழுத்துகளையும் ஒருங்குறியில் அவற்றிற்கான குறிகளையும் எண்ணி ஒப்பிடுக.