பாடி மாட்டும் முன்

ரிமோட்டில் பாறை ஏறும் பொம்மை வண்டியான கிராலர் வாங்கிய தம்பிகள் மோட்டாரைப் பற்றியும் டயரைப் பற்றியும் நிறையக் கேட்பார்கள். பாடியை எப்படி மாட்டுவது என்று கேட்பவன் அரிது. பெட்டியில் வந்தபடியே நாலு கிளிப்பைச் செருகிவிட்டுக் கௌண்டன்யா ஆற்றுக்குக் கிளம்பிவிடுவான். பாறையில் வண்டி இரண்டு குட்டிக்கரணம் போட்டபின், கிழிந்த பாடியைக் கையில் பிடித்துக்கொண்டு "பெரியப்பா, இதை ஒட்ட முடியுமா?" என்று வந்து நிற்பான். நான் ஷூ அப்பர் தைக்கிற பிரிவில் வேலை பார்த்து ஓய்ந்தவன். ஒன்றின்மேல் இன்னொன்றைப் பிடித்து நிற்க வைப்பதுதான் அங்கே வேலையே. அந்த உரிமையில் சொல்கிறேன்.

1. பாடி எதில் செய்தது என்று முதலில் பார். மெல்லிய பாலிகார்பனேட் (கடைக்காரர் லெக்சான் என்பார்) பெயின்ட் அடித்தபின் சுமார் 200 முதல் 300 கிராம் வரும். ஏ.பி.எஸ். என்கிற கெட்டி பிளாஸ்டிக்கில் சீட்டு, ஸ்டியரிங், கண்ணாடி எல்லாம் வைத்து வருவது முக்கால் கிலோவைத் தொடும், தாண்டவும் செய்யும். இந்த அரைக்கிலோ வித்தியாசம் மேலே போய் உட்காருவதுதான் தொல்லை. கணக்குப் போட்டுப் பார். வண்டி இரண்டரைக் கிலோ, சக்கரங்களுக்கு இடையே அகலம் 200 மில்லிமீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 80 மில்லிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள். பக்கவாட்டில் ஏறத்தாழ 51 பாகை சாயும்வரை அது நிற்கும். அதே வண்டியில் 150 மில்லிமீட்டர் உயரத்தில் இன்னொரு அரைக்கிலோ ஏறினால் மையம் 92-க்குப் போய்விடும். 47 பாகையைத் தாண்டியதுமே கவிழ்ந்துவிடும். பாடியைச் சட்டத்தில் தாங்கும் மவுண்டை 20 மில்லிமீட்டர் உயர்த்துவதால் வரும் நஷ்டம் இதோடு பார்த்தால் சின்னது. ஆகவே கெட்டி பாடிமேல் ஆசை வந்தால், எடையை ஒப்புக்கொண்ட பிறகு மவுண்டைப் பற்றி யோசி.

2. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி பொருந்தாத பாடியை எந்த மவுண்டாலும் சரிசெய்ய முடியாது. ஆக்சியல் எஸ்.சி.எக்ஸ். 10 வரிசையில் அதிகம் கிடைப்பது 313 மில்லிமீட்டர். 2017-இல் வந்த டிராக்சஸ் டி.ஆர்.எக்ஸ். 4 டிஃபெண்டர் 324. பதினோரு மில்லிமீட்டர்தானே என்பாய். சக்கரம் வளைவின் நடுவில் நிற்காது, திரும்பும்போது ஓரத்தைக் கடிக்கும்.

3. முதல் வண்டிக்கு, சட்டத்திலிருந்து பாடியைத் துளைத்து நிற்கும் கம்பமும் அதில் செருகும் கிளிப்பும் போதும். பார்க்க அழகில்லை, பானட்டில் நாலு கொம்பு முளைத்த மாதிரி இருக்கும் என்று எல்லாரும் முகம் சுளிப்பார்கள். இருக்கட்டும். வண்டி ஏறும் அழகை வைத்து மவுண்டைத் தேர்ந்தெடுக்கிறவர்கள்தான் அதிகம். உருளும்போது என்ன ஆகும், பாட்டரி மாற்ற எத்தனை நொடி ஆகும், இந்த இரண்டையும் வைத்துத் தேர்ந்தெடு. இரண்டிலும் கிளிப் ஜெயிக்கும்.

ஓட்டை போடுவதில்தான் பாடி கெடுகிறது. கம்பத்து நுனியில் பெயின்ட் தொட்டு, பாடியை நேராக இறக்கி, பதிந்த புள்ளியில் சின்ன ஓட்டை போடு. பிறகு ரீமரைக் கையால் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கு. டிரில் பிட் லெக்சானைக் கவ்வி இழுத்துக் கீறிவிடும். கம்பத்தைவிட ஓட்டை ஒரு மில்லிமீட்டர் தாராளமாக இருக்கட்டும்.

இங்கே நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. ஷூவில் கயிறு நுழையும் துளைக்கு அடிக்கிற ஐலெட், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி எங்கும் கிடைக்கும். கம்பம் நுழைகிற அளவில் ஒன்றை அந்த ஓட்டையில் அடித்துவிட்டால் லெக்சான் கிழிவது பெரும்பாலும் நின்றுவிடும். சுத்தியல் வேண்டாம், கைப்பிரஸ்ஸில் மெதுவாக அழுத்து. அடியில் ஒரு மில்லிமீட்டர் தோலில் வட்டமாக வெட்டிய வாஷரும் போடு. கடகட சத்தமும் போய்விடும். கட்டிங் பிரிவில் கழிவாகப் போகிற துண்டே இதற்கு ஏராளம். கிளிப்பை மட்டும் நூலால் பாடியோடு கட்டிவை. மணலில் விழுந்த கிளிப் கிடைக்காது.

4. வெல்க்ரோ. இதுவும் ஷூக்காரன் பொருள்தான், மீட்டர் கணக்கில் வாங்கலாம். லெக்சான் பாடியின் உள்பக்கத்தில் இரண்டு பட்டை, சட்டத்தோடு சேர்ந்த பக்கத் தட்டில் இரண்டு பட்டை. வெளியே எதுவும் தெரியாது. ஆனால் பின்னால் பசையோடு வருகிற வகை எங்கள் ஊர் வைகாசி சிரசுத் திருவிழா சமயத்து வெயிலுக்கு இளகி நழுவும். கொக்கிப் பக்கத்தில் மணல் அடைந்தால் பிடிப்பும் போகும். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடு.

5. காந்தம். வீட்டு அலமாரியில் நிற்கும் வண்டிக்கு இதைவிட நல்லது இல்லை. ஆற்றுக்குப் போகிற வண்டிக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஆற்று மணலில் கருப்புப் பொடி இருக்கிறதே, அது இரும்புத் தாது. காந்தத்தில் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூடினாலே பிடிப்பு சரசரவென்று குறையும். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 பாகை செல்சியசுக்கு மேல் நிரந்தரமாகவே வலு இழக்கும். மோட்டாரை ஒட்டி வைத்துவிடாதே. ஒரு நன்மை உண்டு: உருளும்போது பாடி தானே கழன்று விழும், உடையாது. அதைப் பாறைக்கு நடுவில் போய்ப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

6. கீல். முதல் வண்டியைத் தாண்டியவனுக்கு என் ஓட்டு இதற்கு. முன் பம்பர் பக்கம் ஒரு குறுக்குக் கம்பியில் பாடி சுழலும், பின்னால் ஒரே ஒரு கிளிப். பானட்டில் கொம்பு இல்லை, தரையில் வைக்கப் பாடியும் இல்லை, ஒரு கையால் தூக்கினால் பாட்டரி. ஹெட்லைட் போட்டவனுக்கு இன்னும் லாபம்: பாடியைக் கழற்றும் அவசரத்தில் ஒயரைப் பிடுங்கிவிடுவது நடக்காது. பாட்டரி முன்னால் படுத்திருந்தால் கீலைப் பின்னால் வை. இதன் குறை, உருண்டால் முழு அடியும் அந்தக் கம்பி நுழைகிற இடத்தில் விழும். அங்கே உள்பக்கம் தடித்த பிளாஸ்டிக் பட்டி வைக்காமல் கீல் போடாதே.

7. திருகு. டாமியா 1981-இல் விட்ட ஹைலக்ஸிலேயே கெட்டி பாடி உண்டு, அந்த மாதிரி வண்டிகளைத் திருகி மாட்டினால் பார்க்க நிஜ வண்டி தோற்கும். ஆனால் உள்ளே இருப்பது லிப்போ பாட்டரி. ஒயர் உரசி ஷார்ட் ஆகிப் புகை வந்தால் ஸ்குரூடிரைவர் தேடிக்கொண்டிருக்க முடியாது. பாட்டரியைக் கீழிருந்தோ பின்கதவு வழியாகவோ எடுக்க முடிகிற சட்டத்துக்கு மட்டும் திருகு. கிளிப் வெளியே தெரியக் கூடாது, நொடியில் கழலவும் வேண்டும் என்றால் டிராக்சஸ் 2021 பிராங்கோவில் கொடுத்த தாழ்ப்பாள் முறை நன்றாக இருக்கிறது. விலையும் அதற்கேற்ப.

8. நாலு மூலையையும் இறுக்காதே. கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் போய்ப் பார். சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே ஏதோ ஒரு மெத்தை இருக்கும். ஜெர்மன் உனிமாக் லாரியில் சட்டம் முறுக்கினால் பாடி முறுக்காதபடி மூன்றே புள்ளியில் ஏற்றுவார்கள். கிராலரின் எஃகுச் சட்டம் அவ்வளவு முறுக்காதுதான். ஆனாலும் கெட்டி பாடியில் விரிசல் கிளம்புவது இறுக்கிய திருகு ஓட்டையிலிருந்துதான். மூன்றை அளவாக முடுக்கு, நாலாவதைத் தோல் வாஷரோடு தளர விடு.

9. ஒட்டுவதில் எச்சரிக்கை. வெளிநாட்டில் லெக்சான் பாடிக்கு உள்பக்கம் வலைத்துணி வைத்து, ஷூ பழுதுபார்க்கும் ரப்பர் பசையைப் பூசி பலப்படுத்துவார்கள். நல்ல முறை. அதைக் கேட்டுவிட்டுப் பட்டறை சொல்யூஷனை டப்பாவோடு கவிழ்க்காதே. அதில் டொலுயீன் போன்ற கரைப்பான் இருக்கலாம். லெக்சான் வெளுத்து மயிரிழையாக வெடிக்கும், ஏ.பி.எஸ். இளகும். வெட்டி எறிந்த ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து மறுநாள் பார். திருகு கழலாமலிருக்கப் போடும் நீலத் திரவமும் அப்படித்தான், உலோகத்துக்கு மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் பிளக்கும். கெட்டால் புதிது வாங்குவதும் லேசில்லை: 2020-இல் இந்தியாவில் பொம்மை இறக்குமதிச் சுங்கம் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. ஒரு பாடி போனால் பர்ஸ் அழும்.

10. உயரத்தைக் கடைசியில் முடிவு செய். ஒரு முன்சக்கரத்தின் கீழும் எதிர்ப்பக்கப் பின்சக்கரத்தின் கீழும் மரக்கட்டை வைத்து, பாடியைக் கையால் அழுத்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பு. எங்கே டயர் உரசுகிறதோ அங்கே மார்க்கரால் கோடு போடு. பலரும் உடனே பாடியை உயர்த்துவார்கள். வேண்டாம், முதலில் வெட்டு. வெட்டியும் உரசினால்தான் கம்பத்தில் ஒரு துளை மேலே ஏற்று. கோட்டைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக எடுத்து, மூலையைக் கூராக விடாமல் வளைவாக வெட்டி, ஓரத்தை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிடு.