சங்கற்பமும் தினக்கணக்கும்

சங்கற்பம் என்பது யாதெனின், ஒரு நற்கருமத்தை இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன பயன் கருதிச் செய்வேன் என்று மனத்தில் நிச்சயித்து, வாக்கினாலும் எடுத்துச் சொல்லுதலாம். பூசையும் விரதமும் தொடங்குமுன் நம்மவர் சங்கற்பஞ் செய்கின்றனர். ஆசைக்கும் சங்கற்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வழக்கமே விளக்கும். "இனி நல்லாசிரியனாவேன்" என்பது ஆசை. "இத்தவணை முடியும்வரை வெள்ளிதோறும் மாணவர் கொப்பிகளெல்லாவற்றையும் பார்த்துத் திருத்துவேன்" என்பது சங்கற்பம். முன்னையதற்கு நாளுமில்லை, அளவுமில்லை. ஆதலின் அது தவறியதென்பதும் தெரியவராது. பின்னையது தவறின் அன்றே தெரியவரும்.

சங்கற்பித்தல் எளிது, அதனை நாடோறுங் காத்தலே அரிது. அதற்கு ஒரு முறைமையைத் தமக்கென வகுத்துக்கொண்டவர் அமெரிக்க தேசத்துப் பெஞ்சமின் பிராங்கிளின் (1706–1790) என்பவர். அவர் நம் சமயத்தவரல்லர். ஆயினும் அவர் கண்ட முறையும் அம்முறையிலுள்ள குறையும் ஆகிய இரண்டும் ஆசிரியராகிய நாம் ஆராயத்தக்கன.

1. முறை

பிலதெல்பியா நகரில் அச்சுத்தொழில் செய்து வாழ்ந்த பிராங்கிளின், இளமையிலே குற்றமின்றி வாழத் துணிந்தார். துணிவு மாத்திரம் போதாதென்பதை விரைவிற் கண்டார். ஒரு குற்றம் புகாமற் காத்து நிற்கையில் மற்றொன்று அறியாமலே புகுந்தது. ஆகவே மிதவுண்டி, வாயடக்கம், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், முயற்சி, வாய்மை, நீதி, மிதம், தூய்மை, அமைதி, இச்சையடக்கம், பணிவு எனப் பதின்மூன்று குணங்களை வரிசைப்படுத்தினார். உண்டியடக்கம் அறிவைத் தெளிவிக்கும். தெளிந்த அறிவே ஏனைய குணங்களைக் காக்கும் என்பது கருதி அதனை முதலில் வைத்தார்.

பின்பு ஒரு சிறு புத்தகத்திலே குணத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். பக்கந்தோறும் ஏழு நாட்களுக்கு ஏழு நிரல்களும், பதின்மூன்று குணங்களுக்குப் பதின்மூன்று வரிகளும் கீறினார். இரவிலே அன்றைய நடையை ஆராய்ந்து, தவறிய இடத்திற் கரும்புள்ளியிட்டார். நாம் பிள்ளைகளின் வரவைப் பதியும் இடாப்பை ஒத்தது அது. ஆனால் அதிற் பதியப்பட்டவர் அவர் ஒருவரே. காலையில் "இன்று என்ன நன்மை செய்வேன்?" என்றும், மாலையில் "இன்று என்ன நன்மை செய்தேன்?" என்றும் தம்மைத்தாமே வினாவினார்.

பதின்மூன்றையும் ஒருங்கே பற்ற அவர் முயலவில்லை. தோட்டத்திற் களை பறிப்பவன் பாத்தி பாத்தியாகப் பறிப்பதுபோல, வாரத்துக்கு ஒரு குணத்தைச் சிறப்பாகக் காத்தார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டொன்றுக்கு நான்கு சுற்று. தாம் எண்ணியதினும் தம்மிடம் குற்றம் மிகுதி என்பதைக் கண்டு வியந்தார். அவை குறைந்துவரக் கண்டு மகிழ்ந்தார். ஒழுங்கு என்னுங் குணமே அவருக்குக் கடைசிவரை பெருந்தொல்லை கொடுத்தது. அது குறித்து அவர் ஒரு கதை சொல்லுகின்றார். கோடரி முழுவதும் அதன் வாய்போலப் பளபளக்க வேண்டுமென்று ஒருவன் கொல்லனிடங் கேட்டான். சக்கரத்தை நீ சுற்றின் நான் தீட்டுவேன் என்றான் கொல்லன். சுற்றிச் சுற்றி இளைத்தவன், புள்ளியுள்ள கோடரியே தனக்குப் பிடித்தது என்று சொல்லி எடுத்துச் சென்றான். பாதியிற் கைவிடுவோர் கூறும் சமாதானம் இத்தன்மையதே.

2. குறை

முதலில் அவர் எழுதிய குணங்கள் பன்னிரண்டே. அவரைப் பிறர் கர்வியென எண்ணுகின்றனர் என்று குவேக்கர் மரபினராகிய நண்பரொருவர் எடுத்துக்காட்டிய பின்னரே பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. தன் கண்ணுக்குத் தோன்றாத குற்றத்துக்குத் தன் புத்தகத்தில் வரியும் இராது என்பது இதனாற் பெறப்படும்.

இதனினும் பெரிய சான்று ஒன்றுண்டு. நீதி என்னுங் குணம் அவருடைய புத்தகத்தில் இருந்தது. அவ்வாறிருந்தும் அவர் அடிமைகளை வைத்திருந்தார். அடிமை விற்பனை விளம்பரங்களைத் தம் பத்திரிகையில் அச்சிட்டார். 1763ஆம் ஆண்டில் பிலதெல்பியாவிலே கறுப்பினப் பிள்ளைகள் பயிலும் பாடசாலை ஒன்றைப் பார்வையிட்டார். அப்பிள்ளைகளின் விளக்கமும் நினைவாற்றலும் வெள்ளைப் பிள்ளைகளுடையவற்றுக்குக் குறைந்தனவல்ல என்று கண்டு, தம் எண்ணம் உயர்ந்ததைக் கடிதத்தில் எழுதினார். அதன்பின்னும் மாற்றம் மெல்லவே வந்தது. 1787இல் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார்; 1790இல், தாம் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், அடிமைத்தனத்துக்கெதிரான விண்ணப்பத்திற் கையொப்பமிட்டார். இரவுதோறும் வைத்த கணக்குக் காட்டாததை ஒரு வகுப்பறை காட்டத் தொடங்கியது.

3. நாம் கொள்ளத்தக்கன

ஆகவே சங்கற்பஞ் செய்வோர் மூன்றைக் கைக்கொள்ளுக. ஒன்று, ஒரு காலத்தில் ஒரு குணத்தையே பற்றுக. இரண்டு, நாளும் அளவும் குறித்து எழுதி, இரவிலே கணக்குப் பார்க்க. மூன்று, குற்றத்தை அஞ்சாது எடுத்துச் சொல்லும் நண்பரொருவரிடம் அக்கணக்கைத் தவணைக்கு ஒருமுறையேனும் காட்டுக. முதலிரண்டும் செய்து மூன்றாவதை விடுவோர், தமக்கு எளிதாயுள்ள குணங்களிலே தேறி மகிழ்ந்திருப்பர். வகுப்பின் பின்வாங்கில் இருக்கும் பிள்ளையை ஆண்டு முழுவதும் ஒரு வினாவும் கேளாத ஆசிரியர், நேரந்தவறாமையில் ஒரு புள்ளியும் பெறாதிருத்தல் கூடும். அப்புள்ளியை இடவேண்டிய வரி அவர் புத்தகத்தில் இல்லை. அதனை அப்பிள்ளையின் முகமே அவருக்குக் காட்டவேண்டும்.

வினாக்கள்

1. ஆசைக்கும் சங்கற்பத்துக்கும் வேறுபாடு யாது?
2. பிராங்கிளின் ஒரு வாரத்துக்கு ஒரு குணத்தையே சிறப்பாகக் காத்தமைக்குக் காரணம் யாது?
3. நீதியை எழுதி வைத்தவர் தம் அநீதியை நெடுங்காலம் காணாதது ஏன்?
4. உம்முடைய புத்தகத்தில் இதுவரை இல்லாத வரி எது? அதனை உமக்குச் சொல்லத்தக்கவர் யாவர்?