கடல் கடந்து வந்த கல்லூரி முதல்வர்

நம் முன்னோர் பிழைப்பு நாடிக் கடல் கடந்து இந்நாட்டிற்கு வந்தனர். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கக் கடல் கடந்து வந்த ஓர் அமெரிக்கரின் வாழ்வை இங்கே நாம் காண்போம். அவர் பெயர் டேனியல் பூர்.

பூர் 1789ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்றுப் பின்னர்ச் சமய குருவானார். 1815இல் பாய்க்கப்பல் ஏறிய அவர், ஐந்து மாதப் பயணத்திற்குப்பின் கொழும்பை அடைந்தார். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் தங்கித் தமிழைக் கற்றார், பள்ளிகளைத் திறந்தார். 1821இல் மனைவியை இழந்தபோதும் எடுத்த பணியை அவர் கைவிடவில்லை.

1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்னும் உயர்கல்விக்கூடம் தொடங்கிற்று. அதன் முதல் தலைவராகப் பூர் ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகள் தொண்டாற்றினார். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானநூல் முதலியன அங்கே கற்பிக்கப்பட்டன.

1829ஆம் ஆண்டு மார்ச் மாதம் சந்திரகிரகணம் ஒன்று நிகழவிருந்தது. பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவதே சந்திரகிரகணம். அது தோன்றும் நேரத்தில் பஞ்சாங்கக் கணிப்பும் பூரின் கணிப்பும் வேறுபட்டன. வாதம் வளர்க்காமல், வானத்தையே பார்த்து முடிவு காணச் செய்தார் பூர். அவர் கணிப்பே பொருந்திற்று. எதையும் ஆராய்ந்து தெளியவேண்டும் என்பதை மாணவர் அன்று கண்ணாரக் கண்டு கற்றனர்.

பின்னர் மதுரையிலும் பள்ளிகள் பல நிறுவிய பூர், யாழ்ப்பாணம் திரும்பி, 1855இல் வாந்திபேதி நோயால் மறைந்தார். அவ்வாண்டே செமினரியும் மூடப்பட்டது. அவர் உழைப்பு வீணாயிற்றோ? இல்லை. சில ஆண்டுகளுக்குள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்களே. தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றித் தமிழைக் காத்தார். 1872இல் அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரியும் எழுந்தது.

பெற்றோர்களே! பால்மரக் கன்று நட்ட அன்றே பால் தருவதில்லை. ஆண்டுகள் பல காத்திருக்கிறோம். கல்வியும் அத்தகையதே. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவென்று பிள்ளையை வீட்டில் நிறுத்தும் ஒவ்வொரு நாளும் அக்கன்றின் வேரை நாமே அசைக்கின்றோம். நாள்தோறும் பள்ளிக்கு அனுப்புவோம். பலன் பின்னர்த் தானே வரும்.