பறவைப் பெட்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தோட்டத்தில் ஒரு மரப்பெட்டியை மாட்டிவிட்டால் கண்ணில் படும் பறவைகள் யாவும் அதில் வந்து குடியேறிவிடும் என்ற நம்பிக்கை, ஜீவகாருண்யமுள்ள குடும்பத்தார் பலருடைய உள்ளத்தில் வேரூன்றியிருக்கிறது. எண்ணம் மிக நல்லதே. ஆனால், மரப்பொந்திலும் சுவரிடுக்கிலும் முட்டையிடும் ஸ்வபாவமுள்ள சிட்டுக்குருவி, மைனா, குண்டுகரிச்சான், புள்ளி ஆந்தை முதலிய சில பறவைகளே பெட்டியை நாடுமேயன்றி, கிளைக்கவட்டில் கிண்ண வடிவில் கூடு முடையும் கொண்டைக்குருவியும், இலைகளைச் சேர்த்துத் தைத்து அவற்றினுள் குஞ்சு பொரிக்கும் தையல்சிட்டும், மெல்லிய கிளை நுனியில் தொங்குகூடு கட்டும் தேன்சிட்டும் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இவற்றுக்கு நாம் செய்யக்கூடிய உபகாரம், வேலியையும் புதரையும் அடிக்கடி வெட்டி மொட்டையாக்காமல் இருப்பதே.

அழகுக்காக விற்கப்படும் பெட்டிகளில் வாசலின் கீழே ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். பறவை வந்து அமர்வதற்கு அது இன்றியமையாதது என்று விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே கருதுகிறார்கள். பொந்தில் வாழும் பறவையோ, கால்நகங்களால் வாசல் விளிம்பைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழையும் சாமர்த்தியத்தோடே பிறந்தது. அந்தக் குச்சியின் மீது சாவகாசமாக அமர்ந்து, உள்ளே அலகை நீட்டி, முட்டையையும் குஞ்சையும் கவர்ந்து செல்லும் காகத்துக்குத்தான் அதனால் பிரயோஜனம் உண்டு. குச்சி வைத்த பெட்டியை வாங்கியிருப்பவர்கள் தயக்கமின்றி அதை அறுத்துவிடலாம். வாசல் பெரிதாக இருந்தால் பறவைக்குச் சௌகரியம் என்பதும் இதே வகையான பிழைதான். சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள துவாரம் தாராளமாகப் போதும். அதன் வழியே மைனா நுழைய முடியாது. துவாரம் 5 சென்டிமீட்டர் ஆகிவிட்டாலோ, குருவிக்கென்று வைத்த வீட்டை வலிமை மிக்க மைனா அபகரித்துக்கொள்ளும். அத்துவாரமும் பெட்டியின் மேற்பகுதியில் இருக்க வேண்டும்; அப்போதுதான் பூனையின் கை அடியிலுள்ள குஞ்சை எளிதில் எட்டாது.

தகரத்தாலும் பிளாஸ்டிக்காலும் செய்து, பளபளக்கும் வர்ணம் பூசிய பெட்டி பல்லாண்டு உழைக்கும் என்பார்கள். உழைக்கும், உண்மைதான், ஆனால் சித்திரை வெயிலில் அதன் உட்புறம் அடுப்பாகிவிடும், இறகு முளைக்காத குஞ்சுகள் அதில் தப்ப வழியில்லை. ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாத கனமுள்ள, உள்ளே இழைக்காமலும் வர்ணம் பூசாமலும் விட்ட மரப்பலகையே உத்தமம். அந்தச் சொரசொரப்பைப் பற்றித்தான் குஞ்சு வாசல்வரை ஏறி வருகிறது. கூரையை ஒட்டிக் காற்றோட்டத்துக்கும், அடித்தட்டில் நீர் வடிவதற்கும் சிறு துவாரங்கள் வேண்டும். மேற்கு வெயிலும் ஐப்பசி மழையின் சாரலும் படாத சுவரில், இரண்டரை மூன்று மீட்டர் உயரத்தில், ஆடாமல் அசையாமல் ஆணி அடித்துப் பொருத்துவது நல்லது. சிட்டுக்குருவி கூட்டமாக வாழ விரும்புவதால் ஒரே சுவரில் மூன்று பெட்டிகள் வைக்கலாம். குண்டுகரிச்சான் தன் எல்லைக்குள் இன்னோர் ஆணை அனுமதியாதாகையால் அதற்கு ஒன்றே போதும். உள்ளே நாமே வைக்கோல் திணித்து மெத்தை அமைக்க வேண்டியதில்லை. உலர்ந்த புல்லும் தேங்காய் நாரும் தோட்டத்தில் கிடந்தால், வேண்டியதை வேண்டிய அளவு பறவையே எடுத்துக்கொள்ளும். காலில் சுற்றிக்கொள்ளும் நைலான் நூல் மட்டும் கிடக்கலாகாது.

மனிதர் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்பது நம் பாட்டிமார் காலத்திலிருந்து வரும் நம்பிக்கை. நம் கைவாசனைக்காகத் தாய்ப்பறவை குஞ்சைக் கைவிடுவதில்லை. தவறி விழுந்த குஞ்சைத் துணிந்து எடுத்துக் கூட்டில் வைக்கலாம். ஆயினும் அந்த நம்பிக்கையால் ஒரு நன்மை விளைந்தது: குழந்தைகள் கூட்டருகே போகாதிருந்தார்கள். முட்டையிட்டு அடைகாக்கும் சமயத்தில் ஓயாமல் எட்டிப் பார்த்துத் தொந்தரவு செய்தால் பறவை கூட்டையே துறந்து போவதுண்டு. பழைய கூட்டைக் கலைப்பது பாவம் என்று அப்படியே விட்டுவிடுவதும் சரியன்று. பேன்களும் உண்ணிகளும் அதில் பெருகி அடுத்த ஈற்றின் குஞ்சுகளை வாட்டும். சிட்டுக்குருவிக் குஞ்சுகள் பொரித்துச் சுமார் 15 நாட்களில் வெளியேறுகின்றன. அதன்பின், புதிய முட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பழையதை அகற்றி, வெந்நீரால் கழுவிக் காயவைத்தல் வேண்டும். பூச்சிமருந்து கூடாது.

கைபேசிக் கோபுரங்களே சிட்டுக்குருவியை அழித்தன என்னும் அபிப்பிராயம் இன்று மற்றெல்லாவற்றையும்விடப் பரவியிருப்பது. அதற்கு உறுதியான சான்று இல்லை. பிரிட்டனில் குருவிகள் குறையத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். அப்போது அங்கே அக்கோபுரங்களே இல்லை. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு வெளிவந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி நாடளாவிய நிலையில் பெரிதும் குறையவில்லை என்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்றும் தெரிவித்தது. ஓட்டு வீட்டின் உத்தரமும் சுவரிடுக்கும் போய் வழவழப்பான கான்கிரீட் வந்ததை நகரத்தில் எவரும் காணலாம். பெட்டி அந்த இடுக்குக்கு மாற்றாகும். ஆனால் ஆகாரத்துக்கு அது மாற்றாகாது. தானியம் தின்னும் இப்பறவை தன் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியும். முற்றத்தில் நாம் இறைக்கும் அரிசி தாய் தந்தையருக்கு மட்டுமே உதவும். ஆதலால், பெட்டி வாங்க எண்ணுவோர் அதற்கு முன்பாகத் தோட்டத்தில் மருந்து தெளிப்பதை நிறுத்தி, ஒரு செம்பருத்தி வேலியை வைத்து வளர்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.