நீண்ட இடைவெளிக்குப் பிறகு பாய்மரப் படகில்: கை மறக்காது, தொடை மறந்துவிடும்!

மாணவர்களே, உயர்நிலை 1-இல் ‘ஆப்டிமிஸ்ட்’ சிறுபடகில் மன்றப் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். பிறகு தேர்வு, துணைப்பாட வகுப்பு என்று மூன்று ஆண்டுகள் கடல் பக்கமே போகவில்லை. இந்த ஜூன் விடுமுறையில் மீண்டும் போட்டியிட ஆசை. எல்லாம் மறந்துபோயிருக்குமோ என்ற பயமும் கூடவே வரும்.

முதலில் நல்ல செய்தி. சுக்கானைப் பிடிப்பது, பாய்க்கயிற்றை இழுப்பது, திரும்பும்போது பாயின் கீழ்க்கட்டைக்கு அடியில் குனிவது ஆகியவை சைக்கிள் ஓட்டுவதைப் போன்றவை. வரலாற்றுத் தேதிகள் பதியும் முறை வேறு, இவை பதியும் முறை வேறு. 1953-இல் அமெரிக்காவின் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு அவரால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில், நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை! உடல் அசைவுகளைக் கற்பதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிக் கற்றவை எளிதில் அழிவதில்லை.

சிக்கல் எங்கே? உங்கள் உடல் மாறிவிட்டது, படகும் மாறப்போகிறது. ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை; 15 வயது வரையிலானோருக்கான படகு. அடுத்து நீங்கள் ஏறக்கூடிய ‘இல்கா 4’ 4.2 மீட்டர் நீளம். அதன் பாயின் பரப்பு 4.7 சதுர மீட்டர். (2019 வரை ‘லேசர்’ என்று அழைத்தார்களே, அதே படகுதான்.) பழைய கைகால் நீளத்துக்குப் போட்டு வைத்த கணக்கை மூளை திருத்தியாக வேண்டும். முதல் இரண்டு மூன்று முறை நீங்கள் தடுமாறினால் அதற்கு இதுவே காரணம்.

இப்போது இயற்பியலுக்கு வருவோம். காற்று பாயைத் தள்ளிப் படகைச் சாய்க்கிறது. அதைச் சமன்செய்ய நீங்கள் கால்பட்டையில் பாதத்தை மாட்டிக்கொண்டு உடலைப் படகுக்கு வெளியே நீட்டுகிறீர்கள். இது பாடநூலில் வரும் திருப்புத்திறன்தான்: விசை × தூரம். உங்கள் எடை 50 கிலோ, உடலின் ஈர்ப்பு மையம் படகின் நடுக்கோட்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 500 நியூட்டன் × 1 மீட்டர் = 500 நியூட்டன் மீட்டர். களைத்துப்போய் 20 சென்டிமீட்டர் உள்ளே வந்தால் அது 400 ஆகிவிடும். காற்றோ குறைவதில்லை. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. 8 நாட் வேகக் காற்று 12 நாட் ஆனால் விசை 2.25 மடங்கு! உடலால் தாங்க முடியாத மிச்சத்தைப் பாய்க்கயிற்றைத் தளர்த்தித்தான் சமாளிக்க வேண்டும்.

உள்ளே வரவைப்பது முன்தொடைத் தசை. அது நீளம் மாறாமல் இறுகியே நிற்கிறது. இறுகிய தசை தன் இரத்தக் குழாய்களையே நெரிப்பதால் ஆக்சிஜன் வரத்து குறைகிறது; தொடை எரிகிறது. கை கற்றதை மூன்று ஆண்டுகள் அழிக்கவில்லை என்றாலும் இந்தத் தசையின் தாங்குதிறனைக் கரைத்துவிட்டன. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் அமர்வது போல நின்று பாருங்கள். ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கிறதா? புதிய உழைப்பினால் வரும் தசைவலி ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்தை அடையும். ஆகவே முதல் பயிற்சியைப் போட்டிக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரமாவது முன்னதாக இருக்கட்டும்.

விதிகளையும் புரட்டிப் பாருங்கள். பாய்மரப் போட்டி விதிகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன; இப்போது நடப்பில் இருப்பது 2025–2028 பதிப்பு. இடப்பக்கக் காற்றில் வரும் படகு, வலப்பக்கக் காற்றில் வரும் படகுக்கு வழிவிட வேண்டும் என்ற அடிப்படை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜூன் மாதம் ‘சுமத்ரா’ சூறைக்காற்றின் பருவம் என்பதும் நினைவிருக்கட்டும். சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையிலும் அது பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்போ காலையிலோ மேற்கிலிருந்து வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். 15 கிலோமீட்டர் காற்றில் பழகியவருக்கு 60 கிலோமீட்டர் காற்று என்றால் விசை 16 மடங்கு. அதை எந்தத் தொடையும் தாங்காது. மேற்கே கறுத்த மேகத் திரை தெரிந்தால், போட்டியில் முதலிடத்தில் இருந்தாலும் கரைக்குத் திரும்புங்கள்.

கவிழ்ந்துவிட்டால்? படகை விட்டு நீந்தாதீர்கள். அது மிதக்கும், மீட்புப் படகில் இருப்பவர்கள் கண்ணுக்கு உங்கள் தலையைவிட அதுதான் முதலில் படும். பாய்க்கயிற்றைத் தளர்த்திவிட்டு, நடுப்பலகையின் ஓரத்தில் ஏறி நின்று பின்னால் சாயுங்கள். இங்கேயும் அதே விசை × தூரம்தான். கயிறு இறுக்கமாகவே இருந்தால், நிமிர்ந்த படகு காற்றை வாங்கி உடனே மறுபக்கம் கவிழும். இதைக் கரையோரத்தில், பயிற்றுநர் பார்க்க, வேண்டுமென்றே இரண்டு முறை கவிழ்த்துப் பழகிக்கொள்ளுங்கள். முதல் நாளிலேயே.