வார்டா, ஆபீசா? ராணுவ மருத்துவமனையில் இரண்டு பக்கமும் நின்றவன் சொல்வது

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மாதத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். இந்த வருடம் கேட்டவள் அக்கா மகள்: "மாமா, மிலிட்டரி ஆஸ்பத்திரிதான் என் ஆசை. நர்சிங் எடுக்கட்டுமா, ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன் எடுக்கட்டுமா?"

ராணுவ மருத்துவப் படையில் (ஏ.எம்.சி.) நர்சிங் அசிஸ்டென்டாகச் சேர்ந்தவன் நான். பல வருடம் வார்டில் நின்றுவிட்டு, அதே படையில் நிர்வாகம் பார்க்கும் ஆபீசராகி ஓய்வு பெற்றேன். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் வாசல் எங்கே என்று பாருங்கள்

எது பிடிக்கும் என்பது அடுத்த கேள்வி. எதற்கு வாசல் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ராணுவ மருத்துவமனையின் தலைவரான கமாண்டன்ட் ஒரு டாக்டர். மருத்துவமனை நிர்வாகத்தில் எம்.டி. படிப்பவர்களும் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களே. துணிமணி, ரேஷன், வண்டி, ஆள் கணக்கு பார்க்கும் குவார்ட்டர்மாஸ்டர் போன்ற பொறுப்புகளில் ஏ.எம்.சி. நான்-டெக்னிக்கல் ஆபீசர்கள் இருப்பார்கள். அவர்கள் படைக்குள் சிப்பாயாக, ஹவில்தாராக இருந்து, தேர்வு எழுதி, ஆபீசர் தேர்வுக்கான எஸ்.எஸ்.பி. நேர்காணலைத் தாண்டி மேலே வந்தவர்கள். ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் பட்டத்தோடு வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழி இல்லை. அந்தப் பட்டத்தை வைத்து, பட்டதாரிகளை ராணுவ ஆபீசராக எடுக்கும் சி.டி.எஸ். தேர்வு எழுதலாம், ஆனால் அது உங்களை மருத்துவமனைக்குக் கொண்டுவராது.

நர்சிங்குக்கு வாசல் திறந்தே இருக்கிறது. பெண்களுக்கு மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் (எம்.என்.எஸ்.). 1888 மார்ச் 28 அன்று பம்பாயில் வந்திறங்கிய பத்து நர்ஸ்களோடு தொடங்கிய பணி இது. புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு என ஆறு இடங்களில் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் உண்டு. மொத்தம் 220 இடங்கள். நீட் எழுதியிருக்க வேண்டும். படிப்பு முடிந்தால் லெப்டினன்ட். வெளியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களுக்கு ஷார்ட் சர்வீஸ் கமிஷன் தேர்வு இருக்கிறது. ஆண்களுக்கு எம்.என்.எஸ். இல்லை. அவர்களுக்கு நான் வந்த வழிதான்: பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து நர்சிங் அசிஸ்டென்டாகச் சேருவது.

வார்டு உங்களிடம் கேட்பது

கையில் வேலை தெரிவது மட்டும் போதாது. நைட் டூட்டியில் ஆபத்தான நிலையில் இருக்கிறவரை, டி.ஐ. லிஸ்டில் உள்ளவர் என்போம், விடியும்வரை கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். நர்சிங் அசிஸ்டென்ட் சிப்பாயும்கூட, காலையில் பி.டி., பிறகு டூட்டி. எம்.என்.எஸ். சிஸ்டர்களின் வேலை பெரும்பாலும் மருத்துவமனையிலேயே. நர்சிங் அசிஸ்டென்டை பட்டாலியனோடு எல்லைக்கும் அனுப்புவார்கள். தள்ளி இருக்கும் போஸ்டில் டாக்டர் பக்கத்தில் இருக்க மாட்டார். ரத்தத்தை நிறுத்துவதும், அடிபட்டவரைக் கீழே இறக்க ஏற்பாடு செய்வதும் உங்கள் தலையில்தான்.

ஆபீஸ் உங்களிடம் கேட்பது

ஆபீஸ் வேலை லேசானது என்று நினைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு ஜவானின் காயம் பணியால் வந்ததா, பணியால் மோசமானதா என்பதை மெடிக்கல் போர்டு பார்க்கும். ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ என்றால்தான் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு வழி. அந்தக் கோப்பில் ஒரு தேதி விடுபட்டால் ஒரு குடும்பம் வருடக்கணக்கில் அலையும். அந்தத் தாளில் இருப்பதெல்லாம் எங்கிருந்து வருகிறது? வார்டில் நர்ஸ் எழுதிய குறிப்பிலிருந்து. நான் ஆபீசரான பிறகு கேஸ் ஷீட்டில் எது முக்கியம் என்று உடனே கண்டுபிடிக்க முடிந்ததற்கு, அதை எழுதிப் பழகியவன் என்பதே காரணம்.

நர்சிங்குக்குள்ளேயே நிர்வாகம் இருக்கிறது

டூட்டி ரோஸ்டர் போடுவது, மருந்து இருப்பைச் சரிபார்ப்பது, இளையவர்களைப் பழக்குவது எல்லாம் சிஸ்டர்களின் அன்றாட வேலை. மூப்பு ஏற ஏற மேட்ரன், பிரின்சிபல் மேட்ரன் என்று கட்டில் பக்கத்து வேலை குறைந்து நிர்வாகம் கூடும். எம்.என்.எஸ்.ஸில் மேஜர் ஜெனரல் வரை பதவி உண்டு. நர்சிங்கிலிருந்து நிர்வாகத்துக்குப் போகலாம். நிர்வாகத்திலிருந்து நர்சிங்குக்கு வர முடியாது.

கையெழுத்துப் போடும் முன்

ஒன்று, சம்பளம். ஏழாவது ஊதியக் குழுப்படி, அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் தரும் ராணுவப் பணி ஊதியம் மற்ற ஆபீசர்களுக்கு மாதம் 15,500 ரூபாய், எம்.என்.எஸ். ஆபீசர்களுக்கு 10,800. இதைத் தெரிந்துகொண்டே சேருங்கள்.

இரண்டு, கல்யாணம். பி.எஸ்சி. சேரும்போது மணமாகாமல் இருக்க வேண்டும். மணமானால் வேலை போகும் என்ற பழைய விதி 1995இல் விலக்கப்பட்டது. அந்த விதியால் 1988இல் வேலை இழந்த ஒரு லெப்டினன்டுக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் 2024இல் உத்தரவிட்டது. பெண்ணைப் பெற்றவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, பாண்டு. எத்தனை வருடம் பணி, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அந்த வருட அறிவிப்பிலேயே படியுங்கள். போன வருடம் சேர்ந்தவர் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான்கு, இந்தி. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் முதல் சில மாதம் திணறுவது இங்கேதான். நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது" என்று கேட்கும் அளவுக்காவது பேசிப் பழகுங்கள்.

அக்கா மகளுக்கு நான் சொன்னது இது: உறவினர் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் ஓர் இரவு துணைக்கு இரு. காலையில் "இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே" என்று தோன்றினால் நர்சிங் எடு, நிர்வாகம் பின்னால் வரும். ரத்தமும் வாடையும் ஆகவே ஆகாது, கணக்கும் ஒழுங்கும்தான் பிடிக்கும் என்றால், ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன் படித்து வெளி ஆஸ்பத்திரிக்குப் போ. யூனிஃபார்ம் ஆசையும் விடாது என்றால் சி.டி.எஸ். எழுதி வேறு பிரிவுக்குப் போ. யூனிஃபார்முக்காக மட்டும் யாரும் வார்டுக்கு வரக்கூடாது. படுத்திருப்பவருக்கு அது ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும்.